ஒரு படி தவிடு

உக்காருங்க தங்கச்சி, உக்காருங்க. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க? ஏ சிவகாமி, எந்திரி. சித்திக்கு எடம் குடு. பாத்தீங்களா, நான் சொல்லி வாய மூடல, எந்திரிச்சுட்டா. அட, உங்க மடியில எல்லாம் வேணாங்க. அவ நிப்பா. மதுரை வரைக்கும்னாலும் நிப்பா. இப்பல்லாம் சொன்ன பேச்சத் தட்டுறதே இல்ல. பைய மட்டும் நல்லாப் பிடிச்சுக்கடி, பிரேக் போட்டான்னா உருண்டுரும்.

ஜன்னலோரம் இருக்கறது மூத்தவ, தன்ஷிகா. ரெண்டாப்பு படிக்கிறா. இது சின்னது, யூகேஜி. ரெண்டும் என் பிள்ளைகதாங்க. ஆமாங்க, இதுவும்தான். எல்லாரும் இப்படித்தான் ரெண்டு தடவ பாப்பாக, எனக்குப் பழகிப்போச்சு. மூத்தவ என்னைய அப்படியே உரிச்சு வச்சிருக்கா. இது எங்க மாமியாரக் கொண்டு பிறந்திருச்சு. நிறமும் அது, மூஞ்சியும் அது, பேரும் அந்தப் பேரையே வச்சாச்சு. மூத்தவ வயித்துல இருந்தப்ப தின்ன அதே குங்குமப்பூவத்தான் இவளுக்கும் தின்னேன். கடைக்காரன் ஏமாத்திட்டான், வேறென்ன.

அம்மா வீட்டுக்குப் போறேன், மதுரைக்கு. லீவெல்லாம் இல்ல. எங்க வீட்டுக்காரரு எங்கிட்டப் பேசுறதில்ல. டேமுக்குப் போயிட்டு வந்த ஞாயித்துக்கிழமையிலருந்து ஒரு வார்த்தை கிடையாது. தட்ட வச்சா சாப்பிடுறாரு, கடைக்குப் போறாரு, வந்து செவுத்தப் பாத்துப் படுத்துக்கிறாரு. இனிமே குடும்பமா எங்கயும் கிளம்பக் கூடாதாம், அதுதான் அவரு கடைசியாச் சொன்னது. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்? நீங்க மூணாவது மனுஷி, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

நீ பெத்த பிள்ளை இல்ல, தவிட்டுக்கு வாங்குனதுன்னு ஒரு கதை, உங்க வீட்ல சொல்லுவாகளா? ஆங், சிரிக்கிறீங்கள்ல. யாரு வீட்டுலதான் சொல்லல? எங்கம்மா எங்கிட்டச் சொல்லியிருக்கு. எங்க அண்ணங்கிட்ட, குறவர்கிட்ட வாங்குனதுன்னு சொல்லும், என்கிட்ட எண்ணெச் செக்குல வாங்குனதுன்னு சொல்லும். ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிவோம், மூணாம் நாளு மறந்து போயிரும். நாங்கல்லாம் வளரலையா? பிள்ளைகளக் கொஞ்சுறதுல அது ஒரு கொஞ்சல், அம்புட்டுதான்.

எங்களுக்கு ஆண்டிபட்டி. வண்டிய எடுத்தா கொஞ்ச நேரத்துல டேமு. எனக்கு வீட்டுல அடஞ்சு கெடந்தா ஆகாது, அதனால மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை புளிசோறு, தயிர்சோறு, உருளைக்கெழங்குன்னு கட்டிக்கிட்டுக் கிளம்பிருவோம். தன்ஷிகா டேங்குக்கு மேல முன்னாடி உக்காந்துக்கிருவா. இவ எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, சோத்துப் பைய மடியில வச்சுக்கிட்டு. பிள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போகாத அம்மாவா நான்? கேட்டுப் பாருங்க எங்க தெருவுல.

அந்த டேமு வாசல்ல ஒருத்தி சோளக்கருது சுட்டு விப்பா. தள்ளுவண்டி, ஒரு கரி அடுப்பு, விசிறி. ஆளு நல்ல கருப்பு. இவளுக்கு அப்ப மூணு வயசு இருக்கும். ஒரு கருதத் தின்னுட்டு இன்னொன்னு வேணும்னு தரையில உருண்டா. அத்தனை பேரு பாக்குறாக. அடிக்கவா முடியும்? நான் பிள்ளைக மேல கை வச்சதே இல்லைங்க, அது என் பழக்கமே இல்ல. சும்மா சொன்னேன், "அழுகாதடி, இந்தா நிக்கிறா பாரு, இவதான் உன்னையப் பெத்தவ. ஒரு படி தவிட்டுக்கு எங்கிட்ட வித்துட்டா. அழுதா இவகிட்டயே விட்டுட்டுப் போயிருவேன்." சட்டுன்னு அழுகைய நிறுத்திட்டா. அந்தச் சோளக்காரிய நிமிந்து பாத்தா. தன் கையப் பாத்தா, திரும்ப அவளப் பாத்தா. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. அவரும் சிரிச்சாருங்க, இன்னைக்குத்தான் பெரிய இவரு மாதிரி இருக்காரு.

அந்தச் சோளக்காரியும் சிரிச்சா. அதையும் சொல்லணும்ல? "ஆமா, எம் மகதான். வா தாயி"ன்னு பிஞ்சுக் கருதா ஒன்னு எடுத்து, மொளகாப்பொடி தடவாம, உப்பும் எலுமிச்சையும் மட்டும் தேச்சுக் குடுத்தா. அவ அன்னைக்குச் சும்மா இருந்திருந்தா இது இம்புட்டு தூரம் வந்திருக்குமா? அதுக்கப்புறம் நாங்க எப்பப் போனாலும், "எம் மக வந்துட்டா"ன்னு ஒரே கூப்பாடு. தன்ஷிகாவ ஏறெடுத்துப் பாக்க மாட்டா. இந்தக் கருவாச்சிக்குத்தான் முதக் கருது. எனக்கு அதுலயே அவமேல ஒரு இதுதான்.

ஆனா ஒன்னு தங்கச்சி, அந்த வார்த்தை எனக்குப் பெரிய ஒத்தாசை. சாப்பிட மாட்டேங்குறாளா, "தவிட்டத் திருப்பி வாங்கிட்டு விட்டுட்டு வந்துரவா?" சோறு உள்ள போயிரும். டம்ளர உடைச்சாளா, "வாங்குன பிள்ளைதான, அதான் கை நிக்கல." அடி இல்ல, ஒதை இல்ல, பிள்ளை வளந்துருது. பொருட்காட்சிக்குப் போயிருந்தோம் தேனியில. ராட்டினத்துக்கு ரெண்டு பேரும் கை நீட்டுறாளுக. யாராவது ஒருத்தர் பையப் பிடிக்கணும்ல? "பெத்த பிள்ளை ராட்டினம் ஏறட்டும், வாங்குன பிள்ளை பைய வச்சிருக்கட்டும்"னேன். சும்மா ஒரு கேலிக்கு. அழுவான்னு பாத்தா, பேசாம பைய வாங்கி ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கம்பிக்கிட்ட நின்னா. மேல இருந்து பாத்தா புள்ளியாத் தெரியுது. கீழ எறங்கி வந்ததும் கேக்குறா, "இப்பப் பைய அக்கா வச்சுக்கிருவாளா?"ன்னு. விவரத்தப் பாருங்க!

அவரு அன்னைக்கு லேசாச் சொன்னாரு, "ஏன்டி, எப்பப் பாத்தாலும் அதையே சொல்ற, பிள்ளை நெசம்னு நினைச்சுக்கிறப் போகுது." நான் சொன்னேன், "நெசம்னு நினைச்சாத்தான அடங்கும்?" அவரு அதுக்கு மேல பேசல. பேச வேண்டிய நேரத்துல பேசாம, இப்ப வாய மூடிக்கிட்டு என்னைய வதைக்கிறாரு.

அப்புறம் இவ கேள்வி கேக்க ஆரம்பிச்சா. ஒரு படின்னா எம்புட்டு? இம்புட்டா, அம்புட்டா? தவிடுன்னா என்ன? எதுக்கு வித்தாக? நான் துணி மடிச்சுக்கிட்டே, "அவளுக்குப் பசி, அதான் வித்துட்டா"ன்னேன். "அப்பத் தவிட்ட அவங்க தின்னாங்களா?" "ஆமா தின்னா, போடி." வேற என்னத்தச் சொல்ல? வேலை நேரத்துல வந்து நொய்யி நொய்யின்னா.

கொஞ்ச நாள்ல பாத்தா பள்ளிக்கூடத்துப் பையில எறும்பு மொய்க்குது. தொறந்தா, அரை இட்லி, கடிச்ச பிஸ்கட்டு, காஞ்சுபோன பூரி, எல்லாத்தையும் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கா. "எதுக்குடி?"ன்னா சொல்ல மாட்டேங்குறா. ரொம்ப வெரட்டுனதுக்கப்புறம், "அவங்களுக்குப் பசிக்கும்ல"ங்குறா. எவங்களுக்கு? அந்தச் சோளக்காரிக்காம்! நான் ஆக்கிப் போடுற சோத்த நான் ஊட்டுனா, அவ ஒளிச்சு வச்சு ஊருல உள்ளவளுக்குக் கொண்டு போறா. எனக்கு வயிறு எரியுமா எரியாதா, நீங்களும் ஒரு பிள்ளைக்காரிதான? எல்லாத்தையும் அவ கையாலயே குப்பையில கொட்டச் சொன்னேன். கொட்டுனா. கொட்டிட்டு அதையே பாத்துக்கிட்டு நின்னா.

எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு பால்காரம்மா மாடு வச்சிருக்கு. சாயங்காலம் ஆனா இவ அங்கதான் கெடப்பா. கன்னுக்குட்டியத் தடவுறா, விளையாடுறான்னு நானும் விட்டுட்டேன். பிள்ளை நம்ம காலச் சுத்தாம இருந்தா சரிதான? பின்னாடிதான் தெரியுது, கழனித்தண்ணி தூக்கிக் குடுத்துட்டு, அதுக்குப் பதிலா தெனமும் ஒரு கைத் தவிடு கேட்டு வாங்கியிருக்கா. அந்தம்மாவும் பிள்ளை ஏதோ சொப்பு வச்சு விளையாடுதுன்னு குடுத்திருக்கு. தன்ஷிகாவோட பழைய தண்ணிப் பாட்டில்ல கொஞ்சம் கொஞ்சமா ரொப்பி, கட்டிலுக்கு அடியில வச்சிருக்கா. அஞ்சு வயசு! எனக்கெல்லாம் அந்த வயசுல மூக்கச் சிந்தத் தெரியாது.

அந்த ஞாயித்துக்கிழமை வழக்கம் போலத்தான் போனோம். புல்லுல விரிச்சு உக்காந்து சாப்பிட்டோம். அவரு துண்ட மூஞ்சியில போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் மரத்தடியில படுத்துட்டாரு. நான் டப்பாவ மூடிக்கிட்டு இருக்கேன், இவ வந்து அந்தப் பாட்டில என் மடியில வச்சா. ரெண்டு கையாலயும் தூக்கி வச்சா.

"என்னடி இது?"

"தவிடு. ஒரு படி இருக்கு. பால்காரப் பாட்டி அளந்து பாத்துச் சொன்னாங்க. நான் போகட்டுமா?"

எனக்கு மொதல்ல புரியல. புரிஞ்சதும் சிரிப்புன்னா சிரிப்பு, தாங்கல. தன்ஷிகாவும் விழுந்து விழுந்து சிரிக்கிறா. இவ சிரிக்கல. தலையில மாட்டியிருந்த கிளிப்பக் கழட்டி தன்ஷிகா கையில குடுத்தா, அது அவளோட பழைய கிளிப்பு. "இது உன்னோடது"ன்னு சொல்லிட்டு திரும்ப என்னையே பாக்குறா. நான் சொல்லணுமாம். நான் விட்டாத்தான் போவாளாம். "போ போ, யாரு பிடிச்சு வச்சா?"ன்னேன். அப்படியே வாசலப் பாத்து நடந்தா. ஓடக்கூட இல்லைங்க, நடந்தா.

பாத்துக்கிட்டுதான் இருந்தேன். போயிட்டுக் கருதத் தின்னுட்டு வந்துருவா, எங்க போயிருவா? நாங்க பவுண்டன்கிட்டப் போட்டோ எடுத்தோம். தன்ஷிகாவுக்கு அன்னைக்கு லேவண்டர் கலர் கவுனு, போட்டோவுல அம்சமா விழுகும். ஊஞ்சல், சறுக்குன்னு ஒரு சுத்துச் சுத்தி வந்து பாத்தா, இன்னும் இவளக் காணோம். எனக்குக் கோவம் வந்துருச்சு. விளையாட்டுன்னா ஒரு அளவு வேணாமா?

போயிப் பாக்குறேன், அந்தத் தள்ளுவண்டிக்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து கருதுக்குத் தோகை உரிச்சுக்கிட்டு இருக்கா. மூஞ்சியில எல்லாம் கரி. அவ பாட்டுக்கு ஏதோ பேசிக்கிட்டு இருக்கா, சிரிச்சுக்கிட்டு. வீட்டுல அப்படி ஒரு நாள் சிரிச்சு நான் பாத்ததில்ல. "வாடி"ன்னேன். "வர மாட்டேன். தவிடு குடுத்துட்டேன்ல"ன்னா. சுத்தி நின்னு கருது வாங்குறவக எல்லாம் என்னையவே பாக்குறாக. கையப் பிடிச்சு இழுத்தேன். அவ சேலைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. என் பிள்ளை, எனக்கு முன்னாடி, எவளோ ஒருத்தி சேலைய!

அந்தச் சோளக்காரி எந்திரிச்சு நின்னு சொல்றா, "அம்மா, நானும் வந்ததுலருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன், நம்ப மாட்டேங்குது. பிஞ்சு மனசுல அம்புட்டு ஆழமாப் போயிருச்சு. அது விளையாட்டுக்குச் சொன்னது, நீ நான் பெத்த பிள்ளைதான்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க கூட வந்துரும்."

எப்படி இருக்கும் எனக்கு? அவ எனக்குப் பிள்ளை வளக்கச் சொல்லிக் குடுக்குறா. அத்தனை பேருக்கு முன்னாடி நான் பிள்ளைகிட்டப் போயி, அம்மா சும்மா சொன்னேன், மன்னிச்சுக்கன்னு கெஞ்சணும். அந்தச் சோளக்காரி வண்டிக்கு முன்னாடி. நான் ஏன் சொல்லணும்? பெத்தவ நானு. எனக்கு ஆத்திரம் கண்ண மறைச்சிருச்சு. "விடுடி என் பிள்ளைய! பிள்ளை பிடிக்க வந்தவளே! யாராச்சும் வாங்களேன், என் பிள்ளையப் பிடிச்சு வச்சிருக்காளே!"ன்னு கத்திட்டேன்.

அந்த வாரம் பூரா வாட்ஸப்புல அதே பேச்சுதான, பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கு, சூதானமா இருங்கன்னு. எங்கிருந்துதான் வந்தாய்ங்களோ, திபுதிபுன்னு வந்துட்டாய்ங்க. ஒருத்தன் அவ முடியப் பிடிச்சான். ஒருத்தன் வண்டியச் சாச்சு விட்டுட்டான், கங்கு பூரா அவ கையிலயும் காலுலயும் கொட்டிருச்சு. பொம்பளைகளும்தான் அடிச்சாளுக, செருப்பக் கழட்டி. நானா அடிக்கச் சொன்னேன்? சொல்லுங்க. என் வாயிலருந்து "அடிங்க"ன்னு ஒரு சொல்லு வந்துச்சா? பிள்ளையப் பறிகொடுக்க இருந்த தாயி கத்தத்தான் செய்வா.

என்ன அப்படிப் பாக்குறீங்க? பிள்ளை அழுகுதா? தோளுல போட்டுத் தட்டுங்க, தூங்கிரும்.

அவ அடி வாங்கிக்கிட்டே, "அந்தம்மாவக் கேளுங்கய்யா, அவுகளுக்கு என்னையத் தெரியும், மாசமாசம் வர்றவுகதான், அவுகளையே கேளுங்க"ன்னு கத்துனா. அடிக்கிறத நிப்பாட்டிட்டு எங்கிட்டக் கேட்டாய்ங்க, "ஏம்மா, இவளத் தெரியுமா உங்களுக்கு?" அந்த நேரத்துல என்னான்னு விளக்க முடியும்? தவிட்டுக் கதைய மொதல்லருந்து சொல்லவா? கேட்டா என்னையத்தான துப்புவாய்ங்க. "எனக்குத் தெரியாது, யாருன்னே தெரியாது"ன்னுட்டேன். வாயில வந்துருச்சு. திரும்பவும் ஆரம்பிச்சாய்ங்க.

இவ என்னா பண்ணுனா தெரியுமா? போயி அவமேல விழுந்து படுத்துக்கிட்டா. ஒரு அடி இவமேலயும் விழுந்துருச்சு, இந்தா, புருவத்துக்கு மேல தழும்பு இருக்கு பாருங்க. தலைய நிமிந்து காமிடி சித்திக்கு. அதுலதான் கூட்டத்துக்கு ஒரு சந்தேகம். ஒரு பெரியவரு கேக்குறாரு, "என்னப்பா, பிள்ளை அதுமேல போயி விழுகுது, நிறமும் அது மாதிரித்தான் இருக்கு, பிள்ளை யாரோடது?" எங்கிட்டப் போட்டோ இருக்கான்னு கேட்டாய்ங்க. போன எடுத்துத் தள்ளுறேன், தள்ளுறேன், எல்லாம் தன்ஷிகாதான். ஒன்னே ஒன்னுல, ராட்டினத்துக்குக் கீழ, ஓரத்துல ஒரு கையும் பையும் தெரியுது. "இந்தா, இது இவ கைதான்"னு காமிச்சேன். நம்ப மாட்டேங்குறாய்ங்க. கைய வச்சு எப்படிம்மா சொல்றதுங்குறாய்ங்க. எனக்கு வந்த அழுகை! கருப்பாப் பிறந்திருச்சேன்னு போட்டோ எடுக்காம விட்டது ஒரு குத்தமா? எடுத்தாலும் இருட்டாத்தான விழுகும்.

கடைசியில இவகிட்டயே கேட்டாய்ங்க. "பாப்பா, பயப்படாமச் சொல்லு, உங்க அம்மா யாரு?"

இவ அவ சேலைய இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அவதான், அந்தச் சோளக்காரிதான், வாயெல்லாம் ரத்தம், கீழ கெடந்துக்கிட்டே சொல்றா, "சொல்லு தாயி. அவுகதான் அம்மான்னு சொல்லு. நல்ல பிள்ளைல்ல, சொல்லிரு."

இவ அவ மூஞ்சியப் பாத்தா. கம்ப வச்சிருந்தவன் கையப் பாத்தா. எந்திரிச்சா. சேலைய விட்டுட்டா தங்கச்சி. நேரா எங்கிட்ட வந்து என் ரெண்டு காலையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "இவங்கதான் எங்க அம்மா"ன்னா. அத்தனை பேருக்கு முன்னாடி! எனக்கு அப்படியே வயிறு குளுந்து போச்சு. ரத்தபாசம் எங்க போயிரும்? பத்து மாசம் சுமந்தது பொய்யாகுமா? "இவங்கதான் எங்க அம்மா, இவங்கதான் எங்க அம்மா, நான் இவங்க கூடயே போறேன், அவங்கள விட்டுருங்க"ன்னு ஒரே அழுகை. கடைசியில சொன்னது கூட்டத்துல யாருக்கும் சரியாக் கேட்டிருக்காது. மொத சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு. ஒரு பொம்பள கண்ணத் தொடைச்சுக்கிட்டா.

சத்தத்துல முழிச்சு அவரு ஓடியாந்தாரு. என்ன ஏதுன்னு கேட்டுட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. அம்புட்டுதான். எங்கள ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டு அவளத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. ராத்திரி வந்து, "வலது கை விரலு மடங்காதாம். வேலுத்தாயின்னு பேரு. அது வாயிலருந்து இப்பவும் உன்னையப் பத்தி ஒரு சொல்லு வரல. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி. இனிமே குடும்பமா எங்கயும் கிளம்பக் கூடாது"ன்னாரு. அவ பேரெல்லாம் விசாரிச்சுட்டு வந்திருக்காரு! பெத்த பிள்ளை திரும்பக் கெடச்சுச்சேன்னு ஒரு சந்தோசம் உண்டா? அதுக்கப்புறம் ரெண்டு தடவ அவள ஆஸ்பத்திரியில போயிப் பாத்துட்டு வந்தாரு, பழம் வாங்கிக்கிட்டு. கட்டுன பொண்டாட்டி அழுதுக்கிட்டு இருக்கேன், எனக்கு ஒரு ஆரஞ்சு கிடையாது.

இப்பக் கிளம்பும்போதும் வாயத் தொறக்கல. ஒரு பேப்பர்ல எழுதி டீவி மேல வச்சிருக்காரு, "சின்னவள விட்டுட்டுப் போ"ன்னு. நான் விடுவேனா? மூத்தவள மட்டும் கூட்டிட்டுப் போனா எங்க அம்மா தெருவுல என்ன பேசுவாக? சின்னது அவ பிள்ளை இல்ல போலன்னுதான பேசுவாக? கூட்டிட்டு வந்துட்டேன். அப்பாகிட்டப் போறியான்னு கேட்டேனே, கேட்டேன்ல சிவகாமி? "வேணாம்மா, உங்க கூட வர்றேம்மா"ன்னா. நீங்களே கேளுங்க வேணும்னா.

ஒன்னு சொல்லணும், பிள்ளை ரொம்ப மாறிட்டா. வாயத் தொறந்தா அம்மாதான். சாப்பிடட்டுமா அம்மா, தூங்கட்டுமா அம்மா, ஒன்னுக்குப் போகட்டுமா அம்மா. எதுவும் வேணும்னு கேக்குறதில்ல. பால்காரம்மா வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்குறதில்ல. தின்ன தட்டக் கழுவி வைக்கிறா, தன்ஷிகா தட்டையும் சேத்து. தவிட்டுப் பேச்சையே நான் விட்டுட்டேங்க. அவரு சொன்னாரேன்னு இல்ல, எனக்கே தோணுச்சு, பிள்ளை மனசு நோகக் கூடாதுன்னு. அதுக்குத் தேவையும் இல்லாமப் போச்சு. போன வாரம் ஒரே ஒரு நாளு பாலக் குடிக்க மாட்டேன்னு அடம். "போலீசுக்குப் போனப் போட்டு அந்தச் சோளக்காரியத் திரும்ப அடிக்கச் சொல்லவா?"ன்னு சும்மாதான் கேட்டேன். டம்ளரக் கவுத்துட்டா ஒரே மடக்குல. சூடு வேற, வாயி வெந்து போச்சு. கண்ணுல தண்ணி வருது, "குடிச்சுட்டேம்மா, குடிச்சுட்டேம்மா"ங்குறா. இப்படி ஒரு பிள்ளைய வளத்து வச்சிருக்கேன், அந்த மனுஷன் எங்கிட்டப் பேச மாட்டேங்குறாரு. நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்பு?

உசிலம்பட்டி வந்துருச்சு போல. கொஞ்ச நேரம் நிப்பாட்டுவான். அந்தா, ஒருத்தி தட்டுல கருதத் தூக்கிக்கிட்டு வர்றா பாருங்க ஜன்னலுக்கு. அவ இல்ல, இவ வேற ஆளு. தன்ஷி, உனக்கு வேணுமாடி? ஏங்க, ஒன்னு குடுங்க, நல்லா மொளகாப்பொடி போட்டு.

ஏ சிவகாமி, என்னடி சீட்டுக்குக் கீழ? எந்திரி. எதுக்குக் கண்ண மூடிக்கிட்டு இருக்க? கைய எடு மூஞ்சியிலருந்து.

என்னது? சத்தமாச் சொல்லு.

"நான் பாக்கலம்மா. நான் அவங்களப் பாக்கவே இல்லம்மா."

கேட்டீங்களா தங்கச்சி? நான் ஒன்னுமே சொல்லல. தானாச் சொல்றா பாருங்க. தங்கம்ங்க, தங்கம். என்ன, எந்திரிச்சுட்டீங்க? நீங்களும் மதுரைன்னுல்ல சொன்னீங்க?